கொடை வீடியோவுக்கு காப்பிரைட் வந்துட்டா என்ன செய்யணும்?

வணக்கம் மக்களே. மண்டைக்காடு கொடை (அம்மன் கோயில் திருவிழா), கோட்டார் சவேரியார் கோயில் திருவிழான்னு யூடியூப்ல வீடியோ போடுத நிறைய பேரு கேக்குத கேள்வி: "காப்பிரைட் வந்துட்டு, சேனல் போயிருமா?"

வந்தது கிளெய்மா ஸ்ட்ரைக்கான்னு முதல்ல பாருங்க. மைக் செட்டுல ஓடுன பாட்டை கன்டென்ட் ஐடி (பாட்டைத் தானா கண்டுபிடிக்குத யூடியூப் சிஸ்டம்) பிடிச்சா அது கிளெய்ம் ஆக்கும். பெரும்பாலும் விளம்பரக் காசு பாட்டு கம்பெனிக்குப் போகும், அவ்வளவுதான். உரிமைக்காரங்க வீடியோவைத் தூக்கச் சொன்னா விழுத ஸ்ட்ரைக்தான் ஆபத்து. 90 நாளுக்குள்ள மூணு வந்தா சேனலையே எடுத்துருவாங்க. பயந்து வீடியோவை டெலீட் பண்ணாதீங்க, பண்ணுனாலும் ஸ்ட்ரைக் போகாது.

கிளெய்ம்னா யூடியூப் ஸ்டுடியோவுல அந்த வீடியோவோட காப்பிரைட் விவரத்தைத் திறங்க. எந்த நிமிஷத்துல எந்தப் பாட்டுன்னு இருக்கும். அந்தத் துண்டை வெட்டலாம், பாட்டை மட்டும் அழிக்கலாம், இல்ல மொத்த சத்தத்தையும் நிறுத்தலாம். லிங்க் மாறாது, வியூஸும் அப்படியே இருக்கும். ஆனா ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு பேசியிருந்தா, பாட்டை அழிக்கும்போது உங்க குரலும் சிதைஞ்சிரும்.

இப்ப டிஸ்பியூட், அதாவது கிளெய்ம் தப்புன்னு எதிர்த்து எழுதுதது. "கோயில்ல ஓடுன பாட்டுதானே"ன்னு எழுதி அனுப்பாதீங்க. 1957 காப்பிரைட் சட்டம் 52-ஆம் பிரிவுல மதச் சடங்குக்கு விலக்கு உண்டு, சரிதான். அது சடங்கு நடக்கும்போது பாட்டு போடுததுக்கு. நீங்க அதைப் பிடிச்சு யூடியூப்ல ஏத்துததுக்கு அதை நம்ப முடியாது. பழைய பக்திப் பாட்டுன்னும் வாதாடாதீங்க. வரி பழசா இருக்கலாம், அந்த ஒலிப்பதிவுக்குத் தனியா 60 வருஷம் உரிமை இருக்கு. கீழ "கிரெடிட்"னு போடுததும் அனுமதி ஆகாது.

நேர்ல அடிச்ச செண்டை மேளத்தையோ, சம்மதம் வாங்கி எடுத்த வில்லுப்பாட்டையோ தப்பா பிடிச்சிருந்தா, தைரியமா டிஸ்பியூட் போடுங்க. கிளெய்ம் வந்த 5 நாளுக்குள்ள போட்டா முதல் நாள்லேருந்து வர்ற காசை யூடியூப் யாருக்கும் குடுக்காம பிடிச்சு வைக்கும். பதில் சொல்ல கிளெய்ம் போட்டவங்களுக்கு 30 நாள். மறுத்தா அப்பீல் போடலாம், அதுக்கு அவங்க பதில் சொல்ல 7 நாள். அப்பீல் கட்டத்துல அவங்க வீடியோவைத் தூக்கச் சொன்னா ஸ்ட்ரைக் விழும். ஆதாரம் கையில இல்லாம அங்க வரை போகாதீங்க.

அடுத்த கொடைக்குப் போகும்போது மேளச் சத்தத்தை மட்டும் ரெண்டு நிமிஷம் தனியா ரெக்கார்டு பண்ணிக்கிடுங்க. எடிட்ல பாட்டு வர்ற இடத்துல அதைப் போட்டு நிரப்பி, பிரைவேட்டா ஏத்தி, யூடியூப்போட காப்பிரைட் செக்கிங் முடிஞ்ச பிறகு பப்ளிக் ஆக்குங்க.