உன் காலைத் தா

வணக்கம் மக்களே. காற்று இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மைக் வாங்க இன்னும் காசு சேரவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். மணி ஐந்தே முக்கால். பின்னால் தெரிகிறதே, அதுதான் எங்கள் கபடிக் களம். மேட் எல்லாம் கிடையாது, வெறும் மண். பெண்கள் ஆடுகிற அளவு, 12 மீட்டருக்கு 8 மீட்டர்.

இன்றைக்கு எங்கள் லெப்ட் கார்னரைப் பற்றித்தான் பேச்சு, அதாவது இடது ஓரத்தில் நின்று எதிராளியைப் பிடிக்கிறவள். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த பிராக்டிஸில் என் கணுக்கால் எனக்குச் சொந்தமில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், முதல் வருடம் அவளைக் கண்டாலே எங்களுக்கு எரிச்சல்தான். ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் ஐந்தரைக்கே வந்து, புழுதி கிளம்பாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியில் கோடும் போட்டு வைத்திருப்பாள். நாங்கள் ஆறேகாலுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு வருவோம். எங்கள் கோச் மேடம் கோட்டை ஒரு பார்வை, எங்களை ஒரு பார்வை பார்ப்பார். "ஏட்டி, உன்னாலதான் எங்களுக்கு ஏச்சு" என்று நானே சண்டைக்குப் போயிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்து வைப்பாள், அவ்வளவுதான்.

அவள் வீடு பேட்டைப் பக்கம். சாயங்காலம் போனதும் அம்மாவோடு சொளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார வேண்டும். இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கி... ஆயிரம் கணக்கு முடிந்தால்தான் எழுந்திருக்க முடியும். "பிடி இறுகுறதே அதனாலதான்" என்பாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அவள் பிடித்த இடத்தில் விரல் தடம் விழும் என்பது நிஜம்.

ஒருநாள் அவள் வந்த பஸ் திருநெல்வேலி ஜங்ஷனிலேயே நின்றுபோனது. சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி, வண்ணார்பேட்டை வழியாகப் பாளைக்கு ஓடியே வந்து சேர்ந்தாள். "வார்ம்-அப் முடிஞ்சுது, ஆரம்பிப்போமா?" என்று கேட்டாள்.

மேடம் எங்களை உசுப்ப எப்போதும் மணத்தி கணேசனைத்தான் இழுப்பார். தாமிரபரணிக் கரைப் பக்கத்துச் சின்ன கிராமத்திலிருந்து போய், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது வாங்கியவர். கேட்கும்போது புல்லரிக்கும். டீக்கடைக்குப் போனதும் அடங்கிவிடும். அவருக்கு அது வாய்த்தது, நமக்கு எங்கே என்று சொல்லித் தப்பிக்கலாம். பக்கத்தில் நின்று ஆடுகிறவளிடம் அந்தச் சாக்கு செல்லாது. அதே கேன்டீன் டீயைக் குடித்துவிட்டு, அதே மண்ணில்தானே அவளும் முட்டியைத் தேய்த்துக்கொள்கிறாள்.

சரி, எரிச்சல் எப்படிப் போனது? அவள் ஒரு நாளும் எங்களுக்கு அறிவுரை சொன்னதில்லை. ஒருநாள் என்னிடம் வந்து, "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாயேன், உன் காலைத் தா" என்றாள். அவ்வளவே.

நான் ரைடர், எதிரணிப் பக்கம் போய்த் தொட்டுவிட்டு வருகிறவள். போனஸ், அதாவது கூடுதல் ஒரு புள்ளி, எடுக்க வேண்டுமென்றால் முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும், பின்கால் தரையில் படக்கூடாது. அந்த ஒரு நொடி மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் நிற்கும். கார்னர் கவ்வுவது அந்தக் காலைத்தான். கவ்வப் பழக அவளுக்கு ஒரு கால் வேண்டும், என்னுடையது கிடைத்தது. முதல் வாரம் போன தடவையெல்லாம் மண்ணைக் கவ்வினேன். மூன்றாவது வாரம்தான், அவள் தோள் இறங்குவதைப் பார்த்துக் காலை உருவத் தெரிந்தது. பிடிக்கப் பழக வந்தவளால் எனக்கு ரெய்டு வந்தது.

அப்புறம் கார்னர் பிடித்தால் மட்டும் போதாது, உள்பக்கம் நிற்கும் கவர் ஓடிவந்து அமுக்க வேண்டும். இல்லையென்றால் ரைடர் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவாள். ஆகவே இரண்டு கவரும் ஐந்தரைக்கு வர ஆரம்பித்தார்கள். கடைசியாக, பஸ் இல்லை, தலைவலி என்று தினம் ஒரு கதை சொல்லும் ரைட் கார்னரும் வந்தாள்.

ஒன்றை மட்டும் அவளிடமிருந்து யாரும் கற்றுக்கொள்ள வேண்டாம். விரல் வீங்கியிருந்ததை மறைத்து, டேப்பைச் சுற்றிக்கொண்டு இரண்டு வாரம் ஆடினாள். மேடம் கண்டுபிடித்து ஏசிய ஏச்சு இந்த மரத்துக்கே கேட்டிருக்கும். எனக்கும் அதில் கோபம்தான். வலித்தால் உட்கார வேண்டும்.

போன மாதம் ஒரு போட்டி. எங்கள் பக்கம் மூன்றே பேர் மிச்சம். லெப்ட் கார்னர் அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருக்கிறாள். எதிரணி ரைடர் எங்களில் ஒருத்தியைத் தொடக் காலை நீட்டினாள். பாய்ந்து கணுக்காலைப் பிடித்தது யார் தெரியுமா? அந்த ரைட் கார்னர். மூன்றே பேர் இருந்து பிடித்ததால் சூப்பர் டேக்கிள், 2 புள்ளி. வெளியே இருந்தவள் கத்திய கத்தலில் நடுவர் எச்சரிக்கை கொடுத்தார். மேட்ச் என்னவோ தோற்றுவிட்டோம், அது வேறு கதை.

இந்த வாரம் அவள் வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல், இரண்டு பேர் பீடியையும் ஒருத்தியே சுற்றுகிறாள். தண்ணீர் தெளிக்க ஆள் இருக்காதே என்று நான் ஐந்தரைக்கு வந்தேன். பார்த்தால் முதல் வருடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஏற்கெனவே தெளித்து முடித்துவிட்டார்கள். கோடுதான் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கிறது, கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள்.

அதில் ஒருத்தி இந்தப் பக்கம் வருகிறாள்... என்ன பிள்ளே?

"அக்கா, பேசினது போதும். வாங்க, கால் வேணும்."

சரி மக்களே, போனை வைக்கிறேன்.