எடையா, கைவேலையா? கைவேலைக் கட்சிப் பேச்சு

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, கொசுக்கடியிலும் எழுந்து போகாத பெரியோர்களே, வணக்கம். 'நகைக்குப் பெருமை தங்கத்தின் எடையா, செய்தவரின் கைவேலையா?' நான் கைவேலைக் கட்சி.

எதிரணி சார் என்ன சொன்னார்? 'தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்' என்று, பெற்ற தாயின் பொன்னிலும் துளி திருடுவாராம் பொற்கொல்லர், அப்படி ஒரு பழமொழியை எடுத்துவிட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். அதோடு நிறுத்தினாரா? சிலம்பைத் திருடியதே பொற்கொல்லன்தானே என்று வேறு கேட்டார். ஐயா, பூம்புகாருக்கு இவ்வளவு பக்கத்தில் மைக் பிடித்துக்கொண்டு இதைக் கேட்கத் துணிச்சல் வேண்டும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்தக் கொல்லர் மதுரைக்காரர். நம்ம ஊர்க்காரர் இல்லை! அப்புறம், வழக்கு எதில் தீர்ந்தது? அரசி சிலம்பில் முத்துப் பரல், கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்து ஒரே பரல் போட்டு வந்த ஃபேக்டரிச் சரக்காக இருந்திருந்தால் கண்ணகி எதை உடைத்து எதைக் காட்டியிருப்பாள்? தராசில் மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் பாண்டியன் தப்பித்திருப்பான் சார்!

எங்கள் பெரியப்பாவும் உங்கள் கட்சிதான். அக்கா கல்யாணத்துக்குப் பொன்னுருக்க நாள் பார்த்து, நகை செய்யும் பத்தரை வீட்டுக்கே வரவழைத்தார்கள். திண்ணையில் உமி எரியும் ஓடு, ஊதுகுழல், சாமணம் என்கிற சின்ன இடுக்கி, தங்கம் உருக ஒரு சிட்டிகை வெங்காரம். பத்தர் கன்னத்தை உப்பிக்கொண்டு குழலில் ஊத ஊத, தங்கம் உருகி ஒரு முத்தாகத் திரண்டு தனக்குத்தானே சுற்றுகிறது. எல்லோரும் தங்கத்தைப் பார்க்கிறோம், பெரியப்பா மட்டும் பத்தரின் கையைப் பார்க்கிறார். காபி வந்தது, கண்ணை எடுக்காமல் குடித்தார், பாதி சட்டையில். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போகவில்லை. அவசரமாகப் போக வேண்டிய இடத்துக்கும் போகவில்லை சார், இத்தனைக்கும் சர்க்கரைக்காரர்! பத்தர் இருமினால் இவர் எழுந்து நிற்கிறார். பத்தர் காதைச் சொறிந்தால் இவர் காதுக்குள் எட்டிப் பார்க்கிறார். எல்லாம் முடிந்ததும் உமிச் சாம்பலை ஒரு துண்டில் கொட்டிச் சலித்தார். சலித்தால், மின்னுகிறது! 'பாத்தீங்களா, பாத்தீங்களா' என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு கத்தல். குனிந்து பார்த்தோம். பெரியம்மா ரவிக்கையிலிருந்து உதிர்ந்த ஜிகினா! பத்தர் நிதானமாகக் கேட்டார்: 'அதையும் சேத்து உருக்கிடட்டுங்களா?'

அன்றிலிருந்து அவர் ஜிகினா பெரியப்பா. கல்யாணத்துக்கு மொய் வைக்க வந்தவர்கள் கூட, 'ஜிகினா எங்கே, காணோமே' என்றுதான் விசாரித்தார்கள். எதிரணியில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், எனக்கு மூன்று ஜிகினா பெரியப்பாவாகவே தெரிகிறது!

916 முத்திரை இருக்கிறது, 2023-லிருந்து ஆறு இலக்க அடையாள எண் வேறு கட்டாயம் என்றீர்கள். சரி, நல்லதுதான். அது தங்கத்தின் தரத்துக்குச் சான்று, வேலைப்பாட்டுக்கு இல்லையே. பெரிய கோவில் கல்வெட்டைப் பற்றியும் பேசலாம் என்று வந்தேன். ராஜராஜன் கொடுத்த நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை போட்டு, முத்துகளைக் கூட எண்ணிப் பொறித்திருக்கிறார்கள். ஆனால் அது உங்களுக்குச் சாதகமாகப் போய்விடும், விட்டுவிடுகிறேன்.

காரட்டையே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்தது, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். பத்தர்கள் பிழைப்பு போனது. அந்தக் கட்டுப்பாடு 1968-ல் தனிச் சட்டமாகவே வந்து, 1990-ல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். அதற்குள் எத்தனை பட்டறையில் உமி ஓடு அணைந்திருக்கும்?

கடைசியாக எங்கள் அம்மாவின் சங்கிலி. அதே பத்தர் செய்தது. அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். அளவு பார்க்கக் கழுத்தில் நூலைப் போட்டபோது அதைக் கவனித்தவர், ஒரு வார்த்தை கேட்காமல் கொக்கியைப் பக்கம் மாற்றி வைத்துவிட்டார். அம்மா பின்னால் கையைக் கொண்டுபோனால் பார்க்காமலே மாட்டிக்கொள்ளும். மேட்டூர் திறந்தால் அந்தச் சங்கிலி அடகுக்குப் போகும், தை அறுவடைக்குத் திரும்பி வரும். டெல்டாவில் இது எந்த வீட்டில் நடக்கவில்லை, சொல்லுங்கள். ஒரு வருஷம் சம்பா முழுகிப்போனது. வட்டி ஏறி, சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. ரெண்டு போகம் கழித்து அப்பா கடையில் புதுச் சங்கிலி வாங்கி வந்தார். அதே மூன்று பவுன், ஒரு குன்றிமணி குறையவில்லை. அம்மா சந்தோஷமாகத்தான் வாங்கினாள். பின்னால் கையைக் கொண்டுபோனாள், கொக்கி சிக்கவில்லை. திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள். அப்பா மாட்டிவிடுகிறேன் என்று பக்கத்தில் போனார், வேண்டாம் என்று சங்கிலியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எடைதான் அப்படியே வந்துவிட்டதே சார், எங்கள் அம்மா எதற்கு அழுதாள்? அடுத்துப் பேச வருகிறவர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அப்புறம் பழமொழி சொல்லட்டும். வணக்கம்.