முதலில் மாதத்தைக் கேளுங்கள்

(மட்டக்களப்பில் வாசிகசாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போக வேண்டும் என்று இங்கே பல குடும்பங்கள் பேசிக்கொள்கிறீர்கள். நல்ல காரியம். அங்கேயும் தமிழ்தானே, இதற்கென்ன திட்டம் என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் புறப்பட்டேன்.

நாங்கள் போனது நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழா நேரம். 25 நாள் திருவிழா. வாவி நண்டு தின்று வளர்ந்த என் பிள்ளைகள், வழி முழுக்க, பனங்கிழங்கு மாவில் நண்டு போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். தங்கப்போன வீட்டு அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, கொடியேறிட்டுது. தீர்த்தம் முடியுமட்டும் எங்கட வீட்டில சைவந்தான்." பிள்ளைகளின் முகம் வாடிப்போயிற்று. பிழை எங்களுடையது, நாள் பார்க்கவில்லை. நம் ஊரில் கண்ணகை அம்மன் சடங்குக்குக் கோவில் கதவு திறந்த பிறகு யாராவது விருந்து வந்து மீன் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆனால் அந்த அக்கா எங்களை வெறும் வயிற்றோடு விடவில்லை. அது பனம்பழம் விழுகிற காலம். பழத்தைப் பிசைந்து களி எடுத்து, மாவும் சீனியும் சேர்த்து, சின்னச் சின்ன உருண்டையாக எண்ணெயில் கிள்ளிப் போட்டார். பனங்காய்ப் பணியாரம். வீடெல்லாம் அந்த வாசம். நண்டை மறந்துவிட்டார்கள் பிள்ளைகள்.

அதனால்தான் சொல்கிறேன். எந்தெந்த இடம் பார்ப்பது என்று எழுதுவதற்கு முன், போகிற மாதத்தில் அங்கே என்ன விளைகிறது, என்ன விரதம் என்று கேளுங்கள். கூழ்தான் வேண்டுமென்றால் திருவிழாவை விட்டு வேறு மாதம் போங்கள்.

நாங்கள் மறுபடி தையில் போனோம். பனங்கிழங்கு காலம். கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்புப் போக வடித்தெடுக்கிறார்கள். பெரிய பானையில் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி. அப்புறம் அரைத்த செத்தல் மிளகாயும் புளியும். முற்றத்தில் எல்லாரும் சுற்றி இருந்தோம். அக்கா பலா இலையைக் கோலி, ஈர்க்கால் குத்தி ஆளுக்கொன்று தந்தார். என் மகள், குழம்புக்கு நம் ஊரில் சொல்வதுபோல, "இன்னும் கொஞ்சம் ஆணம்" என்று கூழைக் கேட்க, அக்கா அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

ஏன் எல்லாம் பனை? யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறுகிறது. அந்தக் காய்ந்த மண்ணிலும் நின்று காய்ப்பது பனை. வாவிக் கரையில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைப் போகும் முன்பே சொல்லுங்கள். கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றி விளையாட மாட்டார்கள்.

சரி, பயணம். ரயில் என்றால் மாஹோவில் மாற வேண்டும், சுற்று வழி. சிறு பிள்ளைகள் இருந்தால் வவுனியா வழி பஸ் லேசு. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம், வேட்டி எடுத்து வையுங்கள். நெடுந்தீவுக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். குறிகட்டுவானில் படகு ஏறும்போதே திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முருகைக்கல் வேலிகளையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் பார்த்தால் பிள்ளைகள் திரும்பி வரச் சம்மதிக்க மாட்டார்கள்.

வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். நாங்கள் இரண்டாம் முறை எருமைத் தயிர்ச் சட்டி இரண்டை மடியில் வைத்துக்கொண்டு போனோம். அக்கா ஓலைக் குட்டானில் இருந்த பனங்கட்டியைச் சீவி அந்தத் தயிரில் போட்டு முதல் கரண்டியை என் மகளுக்கு ஊட்டினார். இப்போது எங்கள் வீட்டில் தயிர்ச் சட்டி வந்தால் மகள் முதலில் தேடுவது அந்தக் குட்டானைத்தான்.