கரையில் சோறு, கையில் சான்று

திருச்சி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறிய இலங்கைத் தமிழர்களில் பெரும்பாலோர் இராமேசுவரம் பக்கம் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். வேறு சில படகுகள் நம் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கமும் ஒதுங்கின. அடுத்த முப்பது ஆண்டுகளில், அலை அலையாக, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்து சேர்ந்தனர்.

மண்டபம் முகாம் அவர்களுக்காகக் கட்டப்பட்டதன்று. தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் புறப்பட்டவர்களை, நோய்த் தடுப்புச் சோதனைக்காக ஆங்கிலேயர் காலத்தில் தங்க வைத்த இடம் அது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளான மலையகத் தமிழரும் அகதிகளாகத் திரும்பினார்கள் என்பதை எண்ணும்போது, அவர்களை அந்நியர் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கரையிறங்கியவர்களுக்கு முதலில் கை கொடுத்தவர்கள் மீனவக் குடும்பங்கள்தாம். உப்புநீரில் நனைந்து வந்த பெண்களுக்கு மாற்றுப் புடவை, பிள்ளைகளுக்குக் கஞ்சி, பெரியவர்களுக்குப் படுக்கத் திண்ணை என்று, இல்லாத வீட்டிலிருந்தும் கொடுத்தார்கள். வந்தவர்களோ, பாலித்தீன் பையில் சுற்றி மடியில் செருகியிருந்த அடையாள அட்டை நனைந்துவிட்டதா என்பதைத்தான் முதலில் பார்த்தார்கள். காகிதம் இல்லாதவரின் கதி என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சோறிடுவதில் நாம் குறை வைத்ததில்லை. ஆனால் வந்தவர் தங்கிவிட்டால் என்ன செய்வது என்பதை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை. பத்தடிக்குப் பத்தடி அறையைப் புடவையால் தடுத்துக்கொண்டு குடும்பங்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தன. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின், தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் செல்லவே சில ஆண்டுகள் தடை இருந்தது. ஒரு கொலைக்கு, அதில் தொடர்பே இல்லாத பிள்ளைகளின் படிப்பு விலையானது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

இந்தச் சூழலில் நான் மிகவும் மதிப்பது, ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் அவர்கள் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் பணியை. அகதிகளே அகதிகளுக்காக நடத்தும் அமைப்பு அது. மாலை வகுப்பு, சத்துணவு ஆகியவற்றோடு, முகாமில் பிறந்த குழந்தைகளின் பிறப்பைப் பதிவுசெய்ய உதவும் வேலையையும் அது எடுத்துக்கொண்டது. இங்கு பிறந்த குழந்தைக்கு ஊரில் பிறப்புச் சான்று வாங்குவதோடு வேலை முடிவதில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பதிவுசெய்தால்தான் இலங்கைக் குடியுரிமை கிடைக்கும். பதியாமல் விட்டால், அந்தப் பிள்ளைக்கு இரு நாடுகளிலுமே பிடிமானம் இராது.

2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. வரவேற்கத் தக்க மாற்றம். என்றாலும் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை.

திருச்சியை ஒட்டிய கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் இன்று இரண்டாம், மூன்றாம் தலைமுறையினர் வளர்கிறார்கள். தீபாவளிக்கு வேட்டி சேலை கொடுக்க விரும்பும் நம் ஊர்ச் சங்கங்கள், உரிய அனுமதியுடன் இந்தப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கவும், சென்னை போய்வரும் பயணச் செலவை ஏற்கவும் முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.