குவேசார் காற்றின் வேகத்தைக் கணக்கிடுவது எப்படி? பொய்ப் பள்ளத்தில் விழாமல்!

[காட்சி: இரவு. பினாங்குக் கொடிமலையிலிருந்து ஜார்ஜ்டவுன் விளக்குகள்]

வணக்கம். குவேசார் என்பது, வாயுவை விழுங்கும் பெருங்கருந்துளையால் சுடர்விடும் தொலைதூர விண்மீன் மண்டலத்தின் மையம். இந்தக் கொடிமலை உச்சியில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் குவேசாரின் எக்ஸ்ரே அதற்கு எட்டாது. மேகமோ புகைமூட்டமோ காரணமில்லை. தெளிந்த காற்றே அதை விழுங்கிவிடும். அதனால்தான் 1999-இல் சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ்ரே தொலைநோக்கிகளை விண்ணுக்கு அனுப்பினார்கள். சந்திரா என்பது சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான்.

எக்ஸ்எம்எம் பதிவுகள் பொதுவாக ஓராண்டு கழித்து எல்லாருக்கும் இலவசம். மடிக்கணினி போதும்.

[காட்சி: திரையில் நிறமாலை. 7.6-இல் ஒரு பள்ளம்]

இன்று எடுத்துக்கொள்வது பிடிஎஸ் 456 என்ற குவேசார். கருந்துளையை நோக்கி விழும் வாயுவில் ஒரு பங்கு காற்றாகச் சீறி வெளியே வருகிறது. அதிலுள்ள இரும்பு, ஒரே ஒரு எலக்ட்ரான் மிஞ்சும் அளவுக்கு அயனியாகியிருக்கும். அசையாமல் நின்றால் அது 6.97 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் (எக்ஸ்ரே ஆற்றலின் அலகு; இங்கே அலகில்லாமல் வரும் ஆற்றல் எண்களும் இதில்தான்) ஒளியை உறிஞ்சும்; நிறமாலையில் அங்கே பள்ளம் விழும். நம்மை நோக்கிப் பாய்ந்தால் பள்ளம் மேல் ஆற்றலுக்கு நகரும்.

நம் பள்ளம் 7.6-இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் செம்பெயர்ச்சியை, அதாவது பிரபஞ்ச விரிவால் ஒளியின் ஆற்றல் குறைந்து தெரிவதை, கழற்றுங்கள். இந்தக் குவேசாருக்கு அது 0.184. ஆக, 7.6 பெருக்கல் 1.184, ஏறக்குறைய 9.0. அதை 6.97-ஆல் வகுத்தால் 1.29. இதன் வர்க்கம் 1.67. வர்க்கத்தில் 1 கழித்ததை, வர்க்கத்தோடு 1 கூட்டியதால் வகுத்தால் 0.25. ஒளிவேகத்தில் கால்வாசி! கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே வினாடியில் நூறு தடவை போய்வரும் வேகம்.

செம்பெயர்ச்சியை மறந்துவிட்டால் இதே பள்ளம் 9 விழுக்காட்டுக்கும் குறைவான வேகத்தைக் காட்டும். இரண்டு எலக்ட்ரான் உள்ள இரும்பு என்று எடுத்தால், 6.7-ஆல் வகுக்க வேண்டும். விடை 29 விழுக்காட்டை நெருங்கும். ஒற்றைப் பள்ளத்தை வைத்து அடித்துச் சொல்லாதீர்கள்.

[காட்சி: எக்ஸ்எம்எம்-இல் உள்ள பிஎன் கேமராவின் படம். நடுவில் குவேசார், ஓரத்தில் ஒரு வட்டம்]

இப்போது நிறையப் பேர் சறுக்கும் இடம். பிஎன் கேமராவின் சில்லுகளுக்கு அடியில் ஒரு மின்சுற்றுப் பலகை இருக்கிறது. விண்வெளித் துகள்கள் அதில் மோதும்போது பலகையின் செம்பு 8.05-இல் ஒளிரும். நடுப்பகுதியில் பலகை திறந்திருப்பதால் அங்கே செம்பின் ஒளி மிகக் குறைவு. பின்னணியை (குவேசாரிலிருந்து வராத பதிவை) ஓரத்திலிருந்து எடுத்து நடுவிலிருந்து கழித்தால், அங்கே இல்லாத செம்பையும் சேர்த்துக் கழிக்கிறோம். சரியாக 8.05-இல் ஒரு பொய்ப் பள்ளம் தோன்றும்! கணக்கில் போட்டால் 30 விழுக்காடு வேகம் வரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அங்கே காற்றே இல்லை.

பின்னணி வட்டத்தைக் குவேசாருக்கு அருகிலேயே, அந்தத் திறப்புக்குள்ளேயே போடுங்கள். பின்னணி நிறமாலையையும் தனியாக வரைந்து பாருங்கள். அதில் மேடு இருக்கும் இடத்திலேயே உங்கள் பள்ளமும் இருந்தால் நம்பாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பே, புரோட்டான்கள் திடீரெனக் கேமராவில் குவியும் நேரங்களை வெட்டிவிட வேண்டும். 10 முதல் 12 வரையிலான ஆற்றலில் வினாடிக்கு 0.4 எண்ணிக்கையைத் தாண்டும் நேரம் வேண்டாம்.

[காட்சி: எக்ஸ்ரிஸம் விண்கலம்]

2023 செப்டம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்ரிஸம் வேறு வழியில் அளக்கிறது. அதன் உணரி, தனிச்சுழி எனப்படும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு மேல் 0.05 பாகை அளவுக்குக் குளிர்விக்கப்பட்டது. ஒவ்வோர் எக்ஸ்ரே துகளும் தரும் சூட்டை வைத்தே ஆற்றலைச் சொல்லிவிடும். பழைய கேமராக்களில் ஆற்றல் அளவு 150 எலக்ட்ரான்வோல்ட் வரை மங்கும். இதற்கு வெறும் 5. பிடிஎஸ் 456-இல் ஒரே காற்றாகத் தெரிந்தது, ஒளிவேகத்தில் 20 முதல் 30 விழுக்காடு வரை வெவ்வேறு வேகத்தில் பாயும் ஐந்து வாயுத் திரள்களாகப் பிரிந்தது.

உணரியின் முன்வாயில் மட்டும் திறக்கவில்லை. அதை மூடிய பெரிலியத் தகடு 1.7-க்குக் கீழுள்ளதைப் பெரும்பாலும் தடுக்கிறது. இரும்பின் கோடுகள் அதற்கு வெகு மேலே இருப்பதால் தப்பின.