சின்ன அணுகுண்டு போட்டா சின்னப் போரோட நிக்குமா?

அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்கார்: "பாகிஸ்தான்கிட்ட நஸ்ர்னு ஒரு சின்ன அணு ஏவுகணை இருக்கு. ஊர் மேல போடாம, முன்னேறி வர்ற ராணுவத்து மேல மட்டும் போட்டா அது அளவான போர்தானே? எதுக்கு இவ்வளவு பயம்?"

நஸ்ரை 2011ல முதல்ல சோதிச்சாங்க. அப்போ 60 கிலோமீட்டர்தான் போகும், 2017ல அதை 70 ஆக்கினாங்க. உள்ள வர்ற டாங்கிப் படையைத் தடுக்கத்தான் அது. ஆனா இந்தியா 2003 ஜனவரியில வெளியிட்ட கொள்கை என்ன சொல்லுது? முதல்ல நாம போட மாட்டோம். இந்திய மண்ணு மேலயோ, எங்க இருந்தாலும் சரி இந்தியப் படை மேலயோ போட்டா, பதிலடி மிகப் பெரிசா இருக்கும். சின்னதுக்குச் சின்னதுங்கிற பேச்சே அதுல கிடையாது. அப்போ இது அளவான போர்னு அவங்க மட்டும் நினைச்சு என்ன பிரயோஜனம்?

சரி, ராணுவத்து மேல மட்டும்னு சொன்னீங்களே. 1955 ஜூன்ல நேட்டோ நாடுகள், அதாவது அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும் சேர்ந்த ராணுவக் கூட்டணி, 'கார்ட் பிளான்ஷ்'னு ஒரு விமானப்படைப் பயிற்சி நடத்தினாங்க. நிஜக் குண்டு ஒண்ணுகூட இல்ல, எல்லாம் காகிதக் கணக்கு. 335 அணுகுண்டு விழுந்ததா வச்சுக்கிட்டாங்க, முக்கால்வாசி மேற்கு ஜெர்மனி மண்ணுல. குறி வச்சது விமான தளம் மாதிரி ராணுவ இடங்களைத்தான். அப்படியும் 17 லட்சம் ஜெர்மானியர் சாவாங்க, 35 லட்சம் பேர் காயப்படுவாங்கன்னு கணக்கு வந்துச்சு. கதிர்வீச்சால பின்னாடி சாகிறவங்க அதுல சேர்த்தியே இல்லை. யாரைக் காப்பாத்தப் போர் செய்யணுமோ, அந்த ஜனங்கதாங்க அது! விஷயம் வெளிய வந்ததும் அந்த நாடே கொதிச்சுப் போச்சு.

இன்னொண்ணு. நாகசாகியில குண்டு விழுந்த மறுநாளே, 1945 ஆகஸ்ட் 10, தன் அனுமதி இல்லாம இனி ஒரு குண்டும் போடக் கூடாதுன்னு அமெரிக்க அதிபர் ட்ரூமன் உத்தரவு போட்டார். இன்னும் ஒரு லட்சம் பேரை அழிக்கிறதை நினைக்கவே முடியலைன்னு அமைச்சரவையில சொன்னார், குழந்தைகளையும் சேர்த்துத்தான் சொன்னார். போட்ட மனுஷனே சொன்னது இது. அஞ்சு வருஷம் கழிச்சுக் கொரியாவுல சீனப்படை அமெரிக்கப் படையை விரட்டி அடிச்சப்பவும் அவர் அதைப் போடலை.

எதிரி நாடுகள் ரெண்டும் பேசி வைக்காமலே மதிக்கிற கோடு இது ஒண்ணுதான்: போடவே கூடாது. ஒண்ணு போட்டாச்சுன்னா அடுத்த கோடு அஞ்சா, அம்பதா? யார் சொல்றது? 1998ல ரெண்டு நாடும் குண்டு வெடிச்சுக் காட்டின மறு வருஷமே கார்கில்ல மோதினாங்க. அப்பகூட நம்ம விமானப்படை கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு வாஜ்பாய் அரசு உறுதியா நின்னுச்சு.