முதிரை நிலையும் பழைய கதவும்

வணக்கம் நேயர்களே. வீடு கட்டும்போது நிலை வைக்க நாள் பார்க்கிறோம், நேரம் பார்க்கிறோம். அந்த நிலை என்ன மரம் என்பதை மட்டும் மேசனிடமோ மரக்காலைக்காரரிடமோ விட்டுவிடுகிறோம். இன்று முதிரையைப் பற்றிப் பேசுகிறேன்.

முதிரை யாழ்ப்பாணக் குடாநாட்டு மரம் என்று சொல்ல முடியாது. வன்னிப் பக்கத்து வறண்ட காடுதான் அதற்கு இடம். எலுமிச்சை, விளாத்தி எல்லாம் அதே குடும்பத்து மரங்கள். மெல்ல மெல்லத்தான் வளரும். அந்தத் தாமதம்தான் அதற்கு வைரம். ஒரு கன மீற்றர் தண்ணீர் 1000 கிலோ. நன்றாகக் காய்ந்த முதிரை அதே அளவில் 900 கிலோவைத் தாண்டும். தேக்கோ 650 கிலோ அளவில் நின்றுவிடும்.

உறுதிக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1833இல் பேராதனையில் மகாவலி ஆற்றுக்குக் குறுக்கே முதிரையால் ஒரு பாலம் போட்டார்கள். 200 அடிக்குச் சற்று மேல், ஒரே வளைவு, ஆற்றுக்குள் தூண் கிடையாது. 1905 வரை அது பாவனையில் இருந்தது. நம்முடைய யன்னல் நிலை எம்மாத்திரம்!

ஆனால் தச்சரிடம் கேட்டால் முதலில் பெருமூச்சுத்தான் வரும். முதிரையின் இழை நேராக ஓடாது. ஓரிடத்தில் வலப்பக்கம் சாய்ந்தால், கொஞ்சம் தள்ளி இடப்பக்கம் சாயும். சீவுளி ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த அங்குலத்தில் இழையைப் பிய்த்துவிடும். உளியை அடிக்கடி தீட்ட வேண்டும். துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும், இல்லையென்றால் பலகை வெடிக்கும். தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொண்டுவரும். மூக்கைக் கட்டிக்கொண்டு, நீளக் கை சட்டையோடு வேலை செய்வது நல்லது. இத்தனை தொல்லை தருகிற அதே இழைதான் அழகும் தருகிறது. மினுக்கிய மேசைப் பலகையை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பொன் மஞ்சளில் பட்டை பட்டையாக ஒளி இடம் மாறும். இந்த அழகுக்காகத்தான் வெள்ளைக்காரர் கப்பல் ஏற்றிக் கொண்டுபோய்த் தளபாடம் செய்தார்கள்.

வாங்கும்போது வைரத்தை, அதாவது நடுவிலுள்ள முற்றிய மரத்தை, பார்த்து வாங்குங்கள். முதிரையில் பட்டைக்கு அடுத்த இளமரமான வெளிறும் வைரமும் சட்டென்று பிரித்துத் தெரியாது. வெளிறு சேர்ந்த துண்டு பூச்சி விழுந்து உழுத்துப்போகும். பிறகு முதிரையைத் திட்டிப் பயனில்லை. வார்னிஷ் பூசிய பிறகு எல்லா மரமும் முதிரைதான், ஆகவே பூசுமுன் போய்ப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள். மரத்துக்கான அனுமதிப் பத்திரத்தையும் கேளுங்கள். அனுமதியில்லாமல் வெட்டிய மரம் வழியில் பிடிபட்டால் மரத்தோடு வாகனமும் போய்விடும். வன்னிக் காடுகளில் களவாக விழுத்தியது போதும் என்பது என் கருத்து.

அதனால்தான் பழைய மரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 1995இல் போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்த இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்த பலர், கூரையும் கதவும் கழற்றப்பட்ட வீடுகளைத்தான் கண்டார்கள். தப்பிய நாற்சார் வீடுகளையும், நடுவில் முற்றம் வைத்த அந்தப் பழைய வீடுகளையும், இப்போது நாமே இடிக்கிறோம். இடிக்கிற அவசரத்தில் நிலைகளும் கதவுகளும் அடிமாட்டு விலைக்குப் போகின்றன. சில விறகாகவும் போகின்றன. மேலே கறுத்து, பெயின்ற் உரிந்து பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். சீவுளியை நாலு தரம் இழுத்தால் உள்ளே மஞ்சள் தெரியும். நிலத்தோடு முட்டிய அடிப்பகுதி மட்டும் உக்கியிருக்கலாம். அதை வெட்டிவிட்டு மிச்சத்தில் ஒரு யன்னல் நிலையாவது எடுக்கலாம். பழைய மரம் நன்றாகக் காய்ந்தது, இனி அவ்வளவாக முறுகாது.

ஒன்று மட்டும் கவனம். அரியக் கொண்டுபோகுமுன் பழைய ஆணி, பிணைச்சல், முறிந்த திருகாணி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். ஒரு துருப்பிடித்த ஆணி மரம் அரியும் வாளின் பல்லைத் தின்றுவிடும், அந்தக் காசும் உங்கள் கணக்கில்தான் விழும். நன்றி, வணக்கம்.